அமெரிக்க நாணயங்களில் டைப் செட்: எங்கே தொடங்குவது, எதற்குக் காசு கொடுக்கக் கூடாது

கேள்வி இதுதான். கேட்டவர் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறார். கடையில் கொடுத்த சில்லறையில் 1944 என்று போட்ட ஒரு சென்ட்டும், 1942ஆம் வருஷத்து நிக்கல் (ஐந்து சென்ட் காசு) ஒன்றும் வந்திருக்கின்றன, அதிலிருந்து ஆசை தொற்றிக்கொண்டது. மாதம் 50 டாலர் ஒதுக்க முடியும் என்கிறார். வருஷத்துக்கு ஒன்று என்று வரிசையாகச் சேர்ப்பதா, டைப் செட் என்கிறார்களே அதைச் சேர்ப்பதா, எங்கே ஆரம்பிப்பது? கூடவே, அந்த 1942 நிக்கல் வெள்ளிதானா என்றும் ஒரு கேள்வி. நிக்கலைக் கடைசியில் பார்ப்போம்.

டைப் செட்டையே சேருங்கள். நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டைப் செட் என்றால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே ஒரு காசு, அவ்வளவுதான். லிங்கன் சென்ட்டை வருஷவாரியாகச் சேர்ப்பவர் 1909இல் தொடங்கி ஃபிலடெல்ஃபியா, டென்வர், சான் ஃபிரான்சிஸ்கோ என்று மின்ட்டுக்கு, அதாவது நாணயச்சாலைக்கு, ஒன்றாகத் தேடிக்கொண்டிருப்பார். ஆல்பத்தைத் திறந்தால் அதே தாடிக்காரர் நூற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பார். முக்கால்வாசி சீக்கிரம் நிரம்பிவிடும், அப்புறம் 1909 எஸ் விடிபி என்ற ஒரே காசு குறுக்கே படுத்துக்கொள்ளும், ஏனென்றால் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதை அடித்ததே 4,84,000தான். விடிபி என்பது வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் பெயரெழுத்துகள். பின்பக்கம் அடியில் இருந்ததை, ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது என்று முணுமுணுப்பு வந்ததும் அந்த மாதமே எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே எழுத்துகளோடு அதே வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் அடித்தது கிட்டத்தட்ட 2 கோடியே 80 லட்சம். புது வடிவம் என்று ஜனங்கள் எடுத்து வைத்துக்கொண்டதால் பளிச்சென்று இருப்பதே இன்றும் சுலபமாகக் கிடைக்கும். டைப் செட்காரருக்கு அது போதும், சான் ஃபிரான்சிஸ்கோவைக் குறிக்கும் அந்த 'எஸ்' எழுத்துக்காக அவர் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

நான் சொல்லப்போவதில் பாதி இதுதான்: வருஷத்துக்கும் மின்ட் எழுத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். வடிவத்துக்குக் கொடுங்கள், அந்த வடிவம் எவ்வளவு நன்றாகப் பிழைத்திருக்கிறது என்பதற்குக் கொடுங்கள். விற்பவர் "சார், இது கம்மியா அடிச்ச வருஷம்" என்று ஆரம்பித்தால், "அப்படியா, சந்தோஷம், இதே மாதிரி நிறைய அடித்த வருஷத்தில் இதைவிடத் தேயாதது ஒன்று காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் எல்லைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மின்ட்டை நிறுவிய சட்டம் 1792இல் வந்தது, புழக்கத்துக்கான முதல் சென்ட்டுகள் 1793 மார்ச்சில் வெளியே வந்தன. சங்கிலி வளையம் போட்ட அந்த சென்ட்டில் முதல் தவணையாக 11,178 கொடுத்தார்கள், மொத்தமே 36,103தான். அங்கிருந்து தொடங்கி எல்லா வடிவமும் வேண்டும் என்றால் 1796ஆம் வருஷத்துக் குவார்ட்டர் என்ற கால் டாலர் (6,146 காசுகள்), 1796-97இன் அரை டாலர் (இரண்டு வருஷமும் சேர்த்து 3,918) என்று வரிசையாகச் சுவர்கள் நிற்கும். 1794ஆம் வருஷத்து டாலர் ஒன்று 2013இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டான்ஸ்கோ நிறுவனத்தின் 7070 என்ற எண் போட்ட ஆல்பம்தான் டைப் செட்காரர்களின் பழைய துணை. அதுவே 1800க்குப் பிறகு என்றுதான் கோடு போட்டிருக்கிறது. மாதம் 50 டாலர் என்றால் நான் இன்னும் கீழே வரச் சொல்வேன்: முதல் செட் இருபதாம் நூற்றாண்டு மட்டும், தங்கம் இல்லாமல். பெரிய வடிவங்களை மட்டும் எண்ணினால் 30க்குச் சற்று மேலே வரும். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் முடிக்கலாம். முடித்த ருசி தெரிந்தபிறகு பின்னோக்கி 1837 வரை போகலாம், அப்புறம் இன்னும் பின்னால்.

அடுத்தது, எதை வடிவம் என்று கணக்கில் எடுப்பது? இதற்குப் பொதுச் சட்டம் கிடையாது, ஆளுக்கு ஆள் சண்டை. 1999 முதல் 2008 வரை வந்த 50 மாநிலக் குவார்ட்டர்களும் 50 வடிவமா? எனக்கு அது ஒரு கட்டம், பிடித்த மாநிலத்தில் ஒன்று போதும். ஆனால் படம் ஏறக்குறைய அப்படியே இருந்தும் ஏதோ ஒரு சின்ன அடையாளம் மாறியிருந்தால் அதைத் தனிக் கட்டமாக வைப்பேன், ஏனென்றால் அந்த அடையாளத்துக்குப் பின்னால் கதை இருக்கும்.

உதாரணத்துக்கு 1853ஆம் வருஷத்து அரை டாலர். சுதந்திர தேவி பாறைமேல் உட்கார்ந்திருப்பாள், சீட்டட் லிபர்ட்டி என்பார்கள். 1852இலும் அதே தேவி, அதே பாறை. 1853இல் மட்டும் வருஷ எண்ணுக்கு இரண்டு பக்கமும் சின்ன அம்பு முனைகள் முளைத்திருக்கும், பின்பக்கக் கழுகைச் சுற்றிக் கதிர்கள். காரணம் கலிஃபோர்னியாவில் கிடைத்த தங்கம். தங்கம் கொட்டியதும் அதோடு ஒப்பிட வெள்ளி விலை ஏறிவிட்டது, அரை டாலரில் இருந்த வெள்ளி அரை டாலருக்கு மேலே பெறும் என்று ஆனது, சில்லறை எல்லாம் உருக்கும் உலைக்குப் போய்விட்டது, கடையில் மீதி கொடுக்கக் காசு இல்லை. அதனால் எடையை 13.36 கிராமிலிருந்து 12.44 கிராமாகக் குறைத்தார்கள். குறைத்தது எது, பழையது எது என்று பார்த்ததும் தெரியத்தான் அம்பு. கதிர்களை அடுத்த வருஷமே எடுத்துவிட்டார்கள், அம்புகள் 1855 வரை இருந்தன. பிறகு 1873இல் 12.5 கிராம் என்று மெட்ரிக் கணக்குக்கு ஒரு துளி ஏற்றியபோது மறுபடியும் இரண்டு வருஷம் அம்பு வந்தது. இதைப் படித்த பிறகு அந்த அம்பில்லாமல் செட் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் தப்பில்லை, உங்கள் செட் அது.

சரி, தொடக்கம். பாக்கெட்டிலிருந்தே தொடங்குங்கள், முதல் பத்துக் கட்டத்துக்கு முகமதிப்புக்கு மேலே ஒரு காசு செலவு கூடாது. உங்கள் 1944 சென்ட்டே ஒரு கட்டம். 1943இல் போருக்குச் செம்பு வேண்டும் என்று துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள், அது டைம் என்ற பத்து சென்ட் காசோடு குழம்பியது, ஈரத்தில் துருப்பிடித்தது, ஆகவே 1944 முதல் 1946 வரை சுட்டுத் தீர்ந்த தோட்டா உறைகளிலிருந்து வந்த பித்தளையைக் கலந்து அடித்தார்கள். உங்கள் கையில் இருப்பது அந்த உலோகம். விலை என்று பார்த்தால் சில சென்ட்டுதான், பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். அதற்கு முன்னால் 1943 எஃகு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மலிவுதான். ஆனால் கண்ணாடி மாதிரி மின்னினால் அது பின்னாளில் யாரோ மறுபடி துத்தநாகம் பூசியது, விட்டுவிடுங்கள். அப்புறம் 1959 முதல் 2008 வரை பின்பக்கம் லிங்கன் நினைவு மண்டபம், 2009இல் மட்டும் நான்கு படங்கள், 2010 முதல் கேடயம். 1982இல் நடுவே உலோகத்தை மாற்றினார்கள், 95 சதவீதம் செம்பாக இருந்தது 97.5 சதவீதம் துத்தநாகமாகி மேலே செம்புத் தோல் மட்டும் போர்த்திக்கொண்டது; பழையது 3.11 கிராம், புதியது 2.5 கிராம். மேஜைமேல் போட்டால் பழையது கணீரென்று ஒலிக்கும், புதியது 'டக்' என்று விழுந்து படுத்துவிடும். புழக்கத்துக்கான சென்ட் அடிப்பதையே 2025 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்திவிட்டார்கள், எனவே சில்லறையில் இவை கண்ணில் படும்போதே பொறுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

வங்கிக்குப் போய் சில்லறை உருளை கேளுங்கள். நிக்கல் உருளை 40 காசு 2 டாலர், அரை டாலர் உருளை 20 காசு 10 டாலர். அரை டாலரை யாரும் செலவு செய்வதில்லை, அதனால் 1965-70இன் 40 சதவீத வெள்ளிக் கென்னடி எப்போதாவது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் மறுநாள் திருப்பிக் கட்டிவிடலாம், நஷ்டமில்லை. வங்கியில் இருக்கும் அம்மா முறைத்துப் பார்ப்பார், அது வேறு விஷயம்.

வெள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால் விளிம்பைப் பாருங்கள். 1965 சட்டத்தோடு டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளி போய்விட்டது. அதற்குப் பிந்தையவற்றின் விளிம்பில் செம்புக் கோடு ஓடும். 1964 வரை போட்டதில் விளிம்பு முழுக்க வெள்ளைதான். வெள்ளிக் குவார்ட்டர் 6.25 கிராம், புதியது 5.67. புள்ளிக்கு இரண்டு இடம் காட்டும் சின்ன மின்தராசு ஒன்று வாங்குங்கள், பூதக்கண்ணாடிக்கும் முன்னால். இன்னொரு விஷயம்: 90 சதவீத வெள்ளிச் சில்லறையில் ஒரு டாலர் மதிப்புக்கு, அதாவது 10 டைமோ 4 குவார்ட்டரோ 2 அரை டாலரோ, 0.7234 அவுன்ஸ் வெள்ளி. ஆனால் மோர்கன் என்ற பழைய வெள்ளி டாலர் ஒன்றில் 0.7734 அவுன்ஸ். ஏன் கூடுதல்? மேலே சொன்ன 1853 எடைக் குறைப்பு சில்லறைக்கு மட்டும்தான், டாலரைத் தொடவில்லை. தேய்ந்த ரூஸ்வெல்ட் டைம், வாஷிங்டன் குவார்ட்டர், பிராங்ளின் அரை டாலர் எல்லாவற்றுக்கும் அன்றைய வெள்ளி விலைதான் அடிப்படை. கணக்குப் போட்டுப் பார்த்து அதற்கு மேலே எவ்வளவு கேட்கிறார் என்று பாருங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த காசுக்கு வருகிறேன். பஃபலோ நிக்கல், 1913 முதல் 1938 வரை, ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் வடித்தது. (பஃபலோ என்கிறோம், அது பைசன் என்ற காட்டெருது. மெர்க்குரி டைமில் இருப்பதும் மெர்க்குரி இல்லை, இறகு முளைத்த தொப்பி போட்ட சுதந்திர தேவி. இந்தியன் ஹெட் சென்ட்டில் இருப்பதும் இறகுக் கிரீடம் வைத்த அதே தேவிதான். பெயர்கள் எல்லாமே இப்படித்தான்.) ஒன்றைக் கையில் எடுத்து மேஜை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். முன்பக்கம் இருக்கும் செவ்விந்தியரின் தோள்பட்டையில், காசின் மிக மேடான இடத்தில், வருஷத்தைப் பொறித்திருக்கிறார்கள். மேடு என்றால் முதலில் தேய்வது அதுதான். கடைகளில் தட்டு நிறையக் கிடக்கும் பஃபலோக்களில் வருஷமே இருக்காது, வழுக்கை. சில பேர் அமிலம் ஊற்றி அந்த எண்ணை மீட்டெடுப்பார்கள், அது ஒரு சாம்பல் வடுவோடு வெளியே வரும், சீண்டாதீர்கள். பின்பக்கம் எருது. முதலில் அது மண் மேட்டின் மேல் நின்றது, அந்த மேட்டின் மேலேயே 'ஐந்து சென்ட்' என்று எழுதியிருந்தது, அதுவும் தேயும் என்று புரிந்து அதே 1913இல் மேட்டைச் செதுக்கி நேர்கோடாக்கி எழுத்தைப் பள்ளத்தில் இறக்கினார்கள். ஆக 1913க்குள்ளேயே இரண்டு வடிவம். வருஷத்தை மட்டும் கடைசிவரை பள்ளத்தில் இறக்கவே இல்லை! ஸ்டாண்டிங் லிபர்ட்டி குவார்ட்டருக்கும் இதே வியாதி, அதற்காவது 1925இல் வைத்தியம் பார்த்தார்கள். எருதின் கொம்பைப் பாருங்கள்: நுனிவரை முழுதாகத் தெரிந்தால் விஎஃப் (வெரி ஃபைன்) என்ற தரம், பாதிக்கொம்பு என்றால் அதற்குக் கீழே. இந்த ஒரு கொம்பைப் பத்துக் காசில் பார்த்துப் பழகினால் தரம் பார்க்கும் கண் வந்துவிடும்.

முதல் மாடலுக்கு எந்த வருஷம் வாங்குவது? 1913 ஃபிலடெல்ஃபியா. 3 கோடிக்கு மேல் அடித்தார்கள், புதுசு என்று நிறையப் பேர் எடுத்தும் வைத்தார்கள். இரண்டாவதுக்கு 1938 டென்வர், கடைசி வருஷம், புத்தம் புதிதாகவே கிடைக்கும். இது டைப் செட்டுக்கே உள்ள சூட்சுமம்: ஒரு வடிவத்தின் முதல் வருஷத்தையும் கடைசி வருஷத்தையும் ஜனங்கள் பெட்டியில் போட்டு வைப்பார்கள், நடு வருஷங்கள் செலவாகித் தேயும். இதற்கு உச்சம் 1883 வி நிக்கல். தேவி முகம் ஒரு பக்கம், மறுபக்கம் ஐந்தைக் குறிக்கும் ரோமன் வி, அவ்வளவுதான். 'சென்ட்' என்ற சொல்லையே போடவில்லை. அளவோ 5 டாலர் தங்கக் காசுக்குக் கிட்டத்தட்ட சமம். தங்க முலாம் பூசிக் கடைக்காரர் தலையில் கட்ட ஒரு கூட்டம் கிளம்பியது, அரசாங்கம் விழித்துக்கொண்டு அதே வருஷம் 'சென்ட்' என்று சேர்த்தது, பழையதை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்று நினைத்து எல்லாரும் ஒளித்து வைத்தார்கள். விளைவு, 1883இன் சொல் இல்லாத நிக்கல்தான் இன்று அந்த ரகத்திலேயே நல்ல தரத்தில் மலிவு. அதற்கு முந்தைய கேடய நிக்கலில் மாறாக, கதிர்கள் போட்டது 1866, 67 இரண்டே வருஷம், கெட்டியான உலோகம் அச்சை உடைக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். அது விலை கூடுதல்.

நடுவில் நிற்கும் மலை பார்பர். சார்லஸ் பார்பரின் டைம், குவார்ட்டர் 1892 முதல் 1916 வரை, அரை டாலர் 1915 வரை. அழகில் சுமார் என்று பலர் சொல்வார்கள், எனக்கும் பெரிய காதல் இல்லை. ஆனால் தரம் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது, ஏனென்றால் தேவியின் தலைப்பட்டியில் லிபர்ட்டி என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்து இருக்கும். ஒன்றுமே தெரியாவிட்டால் 'குட்', மூன்று எழுத்தாவது தெரிந்தால் 'வெரி குட்', ஏழும் மங்கலாகத் தெரிந்தால் 'ஃபைன்', பளிச்சென்று தெரிந்தால் 'வெரி ஃபைன்'. நாணயக்காரர் பாஷையில் குட் என்றால் கிட்டத்தட்ட வழவழவென்று தேய்ந்தது என்று அர்த்தம், ஏமாந்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் 1 முதல் 70 வரை எண் உண்டு, வில்லியம் ஷெல்டன் பழைய செம்பு சென்ட்டுகளுக்காகப் போட்ட கணக்கு அது: குட் 4, ஃபைன் 12, வெரி ஃபைன் 20, எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) 40, புழக்கத்துக்கே போகாதது 60க்கு மேல். பார்பர் அரை டாலர் வழுக்கையாக எங்கும் கிடைக்கும், ஏழெழுத்தும் தெரிவதாகத் தேடினால்தான் தெரியும் கஷ்டம். பார்பர் வடிவத்துக்கு மூன்றும் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் டைம் ஒன்றை நல்ல தரத்தில் வாங்கிக்கொண்டு மேலே போங்கள்.

நான் சூடு பட்டதும் இந்தப் பார்பர் அரை டாலரில்தான். ஒரு நாணயக் கண்காட்சியில், மேஜை விளக்கு வெளிச்சத்தில், தும்பைப்பூ மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. விலையும் நியாயமாகத் தெரிந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒற்றை பல்புக்குக் கீழே மெல்லச் சுற்றிப் பார்த்தால் தேவி கன்னத்தில் மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். யாரோ எப்போதோ துணியில் பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தரச் சான்றுக்கு அனுப்பினேன், எண் போடாமல் 'டீட்டெயில்ஸ், சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திரும்பி வந்தது. அனுப்பிய செலவும் போச்சு. விற்றவரைத் திட்டிப் பயனில்லை, பார்க்க வேண்டியவன் நான். அசல் மினுக்கம் எப்படி இருக்கும் என்றால், காசைச் சாய்த்துச் சுற்றினால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி வரும். தேய்த்த காசில் அது செத்துப்போயிருக்கும், வெறும் வெள்ளைதான் இருக்கும். பாதி தேய்ந்த காசு பளபளவென்று இருந்தாலே சந்தேகப்படுங்கள், நூறு வருஷம் கைமாறிய வெள்ளி சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டும் வெள்ளிச் சொம்பை விபூதி போட்டும் தேய்த்துப் பழகிய கை நம்முடையது, அந்தக் கையை நாணயத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும்போது ஆல்பத்தை அலமாரியில் பூட்டி வையுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டாலர்கள் பக்கம் வந்தால் மோர்கனும் பீஸும். மோர்கன் 1878 முதல் 1904 வரை, பிறகு 1921 ஒரு வருஷம். 1921 மட்டும் மூன்று மின்ட்டிலும் சேர்த்து 8 கோடிக்கு மேல், அதனால் எங்கும் கிடைக்கும்; ஆனால் பழைய அச்சு மூலங்களை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்ததால் படம் தட்டையாக இருக்கும். இன்னும் கொஞ்சம் போட்டு 1881 எஸ் வாங்குங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அச்சு கூர்மையானது, கழுகின் மார்பு இறகு ஒவ்வொன்றாக எண்ணலாம், மூட்டை மூட்டையாகக் கருவூலத்தில் கிடந்து 1960களில் வெளியே வந்ததால் புதுசாகவே கிடைக்கும்.

1904க்கும் 1921க்கும் நடுவில் என்ன ஆனது என்றால், அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரின் கடைசியில் இந்தியாவில் ஜனங்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்டு வரிசையில் நின்றார்கள், சர்க்காரிடம் வெள்ளி தீரும் நிலை. பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கினார்கள், அதில் ஏறக்குறைய 26 கோடியின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்பனையாகி இந்திய ரூபாய்க்காகக் கப்பலேறியது. எந்த வருஷத்தில் எத்தனை உருகியது என்று பதிவே இல்லை, அதனால் எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணை வைத்து மோர்கனின் அருமையைக் கணிக்கவே முடியாது. நம் பாட்டி பெட்டியில் இருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஏதோ ஒன்றில் மோர்கன் தேவியின் மூக்கு கலந்திருக்கலாம். உருக்கியதை ஈடுகட்டத்தான் 1921 மோர்கனும் அதற்குப் பின்னால் பீஸ் டாலரும் வந்தன. பீஸில் 1921 மட்டும் புடைப்பு அதிகம், விலையும் அதிகம். பழகும்வரை 1922, 23 போதும்.

டிரேட் டாலரை, சீன வியாபாரத்துக்காக 1873இல் தொடங்கியதை, தெருவோர மேஜையில் வாங்கவே வாங்காதீர்கள். சீனத்து வணிகர்கள் சோதித்துக் குத்திய முத்திரைகளோடு கிடைப்பது அழகுதான், ஆனால் போலிகள் மலிந்த ரகம் அது. உண்மையானது 27.22 கிராம், மோர்கன் 26.73, காந்தம் ஒட்டினால் பேச்சே வேண்டாம், ஒட்டாவிட்டாலும் நிம்மதிப்பட வேண்டாம். இந்த மாதிரி விலையேறிய காசுகளுக்குப் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற நிறுவனங்களின் தரச் சான்றோடு, ஸ்லாப் என்று சொல்லும் பிளாஸ்டிக் கூட்டில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், மேலே உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, படம் இருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள், ஏனென்றால் இப்போது கூட்டையும் போலி செய்கிறார்கள். மலிவான காசுக்குக் கூடு வேண்டாம், கூட்டின் விலைதான் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பிசிஜிஎஸ் தளத்தில் ஃபோட்டோகிரேட் என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் தரவாரியாகப் படங்கள் இலவசமாக இருக்கின்றன, வாங்கும் முன் ஒரு மாதம் அதையே பாருங்கள்.

வைப்பது எப்படி என்பது சின்ன விஷயம், ஆனால் கெடுப்பது அதுதான். பிவிசி கலந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சில வருஷத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். என் மெர்க்குரி டைம் ஒன்று அப்படிப் போனது. நடுவில் மைலார் என்ற பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அட்டை உறை போதும், ரப்பர் பேண்ட் பக்கத்தில் வேண்டாம், நிலவறையில் வேண்டாம், சிலிகா ஜெல் ஒரு பொட்டலம். ஆல்பம் பார்க்க அழகு, ஆனால் பிளாஸ்டிக் பட்டையை இழுத்து மூடும்போது மேடான இடத்தில் கோடு விழும். விரலால் பிடிப்பதென்றால் விளிம்பை மட்டும்.

50 டாலரை மாதாமாதம் செலவு செய்தே ஆகவேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு மாதம் வங்கி உருளை, தராசு, கண்ணாடி. அப்புறம் மெர்க்குரி டைம், வாக்கிங் லிபர்ட்டி அரை டாலர், வெள்ளிக் கலந்த போர்க்கால நிக்கல் என்று ஒரு ஐந்தாறு, பக்கத்து ஊர் நாணயக் கடையில், கையில் எடுத்துப் பார்த்து. பிறகு மூன்று மாதக் காசைச் சேர்த்து ஒரே ஒரு நல்ல காசு. ஸ்டாண்டிங் லிபர்ட்டியின் முதல் மாடல், தேவி மார்பில் கவசம் இல்லாதது, 1916இல் 52,000தான், தலை சுற்றும் விலை. 1917இலும் அதே மாடல் லட்சக்கணக்கில் அடித்தார்கள், அதை இந்த மூன்று மாதக் காசில் பாருங்கள். (கவசம் போட்டது ஒழுக்கக் காவலர்களின் கூச்சலால் என்று ஒரு கதை சுற்றுகிறது, நான் முழுதாக நம்பவில்லை, சிற்பி மெக்நீல் தானே வடிவத்தைத் திருத்தக் கேட்டுக்கொண்டிருந்தார்.) இருபதாம் நூற்றாண்டு முடிந்து பின்னால் போகும்போது 1851இல் தபால் கட்டணம் மூன்று சென்ட்டாக இறங்கியதற்காக வந்த மூன்று சென்ட் வெள்ளிக் காசு ஒன்று வாங்குங்கள், மீன் செதில் என்றே பெயர், 14 மில்லிமீட்டர், ஊதினால் பறக்கும். கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் முதன்முதலில் ஏறிய 1864 இரண்டு சென்ட்டும். தங்கம் வேண்டுமென்றே தோன்றினால் ஒன்றே ஒன்று, 1908-29இன் இரண்டரை டாலர் இந்தியன், படம் புடைக்காமல் உள்ளே குழிந்திருக்கும், அமெரிக்கப் புழக்கக் காசில் அந்த மாதிரி அதுவும் அதன் 5 டாலர் ஜோடியும்தான்.

இப்போது உங்கள் 1942 நிக்கல். போருக்கு நிக்கல் உலோகம் தேவைப்பட்டதால் அந்த வருஷம் நடுவிலேயே 35 சதவீத வெள்ளிக் கலவைக்கு மாறினார்கள், எனவே வருஷத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் போட்ட படத்தில் ஜெஃபர்சன் முகம்தான் இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். மான்டிசெல்லோ மாளிகையின் கும்மட்டத்துக்கு மேலே பெரிதாக ஒரு 'பி' அல்லது 'எஸ்' நின்றால் வெள்ளி. ஃபிலடெல்ஃபியா தன் எழுத்தைக் காசில் போட்டதே அதுதான் முதல் தடவை. கும்மட்டத்துக்கு மேலே ஒன்றும் இல்லையென்றால், அல்லது மாளிகைக்கு வலப்பக்கம் பொடியாக ஒரு 'டி' இருந்தால், அது சாதாரண நிக்கல், ஐந்து சென்ட். அப்படியே இருந்தாலும் ஜெஃபர்சன் கட்டம் ஒன்று நிரம்பிவிட்டது.